ரொறன்ரோவில் ஆங்கில வகுப்பு தேடி அலைகிறவர்களுக்கு

நான் ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபுறோவுக்கு வந்த முதல் நான்கு மாதமும் ஆங்கில வகுப்பு தேடினேன். அந்த நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அரசாங்க வகுப்பில் இருக்கவில்லை. கலியாண வீட்டில் ஒருவர் மார்க்கம் வீதியில் நல்ல கிளாஸ் இருக்கிறது என்பார், கோயிலில் இன்னொருவர் அது சரியில்லை, எக்ளிங்டன் பக்கம் போங்கள், அங்கே ரீச்சர் வெள்ளைக்காரி, உச்சரிப்பு நன்றாக வரும் என்பார், நானும் இரண்டு பஸ் மாறி அங்கே போய் நின்றால் மேசையில் இருக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டே "அசெஸ்மென்ட் செய்துவிட்டீர்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அசெஸ்மென்ட் என்றால் ஏதோ பரீட்சை, கொஞ்சம் படித்துக்கொண்டு போனால்தான் மானம் தப்பும் என்று அதையும் தள்ளிப்போட்டேன். படிக்கப் போவதற்கு முன்னால் படித்துவிட்டுப் போக நினைத்த புத்திசாலி நான்.

இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: வகுப்பைத் தேடி அலையாதீர்கள், அசெஸ்மென்டுக்கு, அதாவது உங்கள் ஆங்கிலம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கிற சந்திப்புக்கு, நாள் எடுங்கள். அரசாங்கக் காசில் நடக்கிற வகுப்புகளுக்கு வாசல் அது. அதைத் தாண்டினால் வகுப்பின் பெயரை அவர்களே எழுதித் தருவார்கள்.

நான் எழுதுவது ரொறன்ரோ நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு. ஸ்ரீல்ஸ் வீதியைத் தாண்டி வடக்கே போனால் மார்க்கம், அது யோர்க் பிராந்தியம். பிரம்ரன், மிசிசாகா என்றால் பீல் பிராந்தியம். முறை அங்கேயும் இதேதான், போகவேண்டிய அலுவலகம் மட்டும் வேறு.

முதலில் உங்கள் பேப்பரை எடுத்துப் பாருங்கள்

பெரியவர்களுக்கான இலவச ஆங்கிலம் இங்கே இரண்டு பைகளிலிருந்து வருகிறது. ஒன்று ஒட்டாவாவின் பை. மத்திய அரசின் குடிவரவுத் திணைக்களம் காசு கொடுத்து 1992 முதல் நடத்துகிற வகுப்பு, எல்லோரும் லிங்க் என்று சொல்வது அதைத்தான். மற்றது ஒன்ராறியோ மாகாணத்தின் பை, பாடசாலைச் சபைகள் நடத்துகிற இ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கிற வகுப்பு. வகுப்புக்குள் போய் இருந்தால் எது எந்தப் பையிலிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியாது, சில கட்டடங்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறையில் நடக்கும். யாரைச் சேர்ப்பார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

உங்களிடம் பி.ஆர். கார்ட் (நிரந்தர வதிவிட அட்டை) இருக்கிறதா, அல்லது அகதி வழக்கு வென்று பாதுகாப்புப் பெற்றவரா, பொதுவாக இரண்டு பைக்கும் உங்களுக்கு உரிமை உண்டு. கார்ட் இன்னும் தபாலில் வரவில்லை என்றால் விமான நிலையத்தில் தந்த நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரம் போதும்.

அகதிக் கோரிக்கை கொடுத்து வழக்கு இன்னும் முடியாதவர்களுக்கு லிங்க் கிடையாது. ஆனால் பாடசாலைச் சபையின் வகுப்பு உண்டு, அதுவும் இலவசம்தான். இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "கேஸ் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று அகதிக் கோரிக்கையாளருக்குத் தருகிற பிரவுன் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வாடகை நிலவறையில் கிடந்தவர்களை எனக்கே தெரியும். அந்த இரண்டு வருடத்தில் வழக்கறிஞரோடு நேரே நாலு வார்த்தை கதைக்கிற அளவுக்காவது வந்திருக்கலாம். லிங்க் இடத்தில் "உங்களுக்கு இல்லை" என்று திருப்பிவிட்டால் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், "அப்படியென்றால் ஸ்கூல் போர்ட் இ.எஸ்.எல். எங்கே?" என்று அங்கேயே கேளுங்கள்.

குடியுரிமை எடுத்துவிட்டவர்களுக்கும் இதே கதைதான், லிங்க் இல்லை, பாடசாலைச் சபை வகுப்பு உண்டு. இருபது வருடம் உணவகத்துப் பின்கட்டில் வேலை செய்து, பாஸ்போர்ட்டும் எடுத்து, ஆங்கிலம் மட்டும் எடுக்காமல் விட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். உங்களுக்குக் கதவு பூட்டவில்லை.

பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கத் தருகிற சுப்பர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா, படிக்க வந்த மாணவர், வேலை பெர்மிட்டில் இருப்பவர், இவர்களுக்கு இந்த இலவச வகுப்புகள் பெரும்பாலும் கிடைக்காது. அவர்கள் நேரே நூலகத்துப் பக்கம் போகலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

எங்கே, யாரைக் கூப்பிடுவது

ரொறன்ரோவில் அசெஸ்மென்ட் செய்கிற இடங்களில் பலருக்கும் தெரிந்தது வை.எம்.சி.ஏ. நீச்சல் தடாகம் வைத்திருக்கிற அதே வை.எம்.சி.ஏ. தான், ஆனால் மொழி அசெஸ்மென்டுக்கு அவர்களிடம் தனி அலுவலகம் இருக்கிறது, ஜிம் வாசலில் போய் நிற்காதீர்கள். நேரே போவதைவிட முன்பே கூப்பிட்டு நாள் எடுப்பது நல்லது.

நம்பர் தெரியாவிட்டால் 211 அடியுங்கள். அது அவசர நம்பர் கிடையாது, ஊரில் என்ன சேவை எங்கே இருக்கிறது என்று சொல்லுகிற இலவச நம்பர், மொழிபெயர்ப்பாளரையும் எடுத்துத் தருவார்கள். எடுத்ததும் "தமிழ் ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டுப் பொறுங்கள், இடையில் பாட்டுப் போனாலும் வைத்துவிடாதீர்கள். உங்கள் தபால் குறியீட்டைக் கேட்பார்கள், அதைக் கையில் எழுதி வைத்திருங்கள். கொஞ்சம் துணிவு இருந்தால் ஆங்கிலத்திலேயே "ஐ நீட் அன் அப்பொயின்ட்மென்ட் ஃபோர் லாங்குவேஜ் அசெஸ்மென்ட்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நான் அதைக் குளியலறையில் பத்துத் தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன், எடுத்தது வொயிஸ்மெயில். வொயிஸ்மெயில் வந்தால் பெயரையும் நம்பரையும் மெதுவாக, நம்பரை இரண்டு தரம், சொல்லிவிட்டு வையுங்கள். பிறகு தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தால் எடுங்கள், நம்மவர்கள் கடன்காரன் என்று நினைத்து எடுப்பதே இல்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றால் இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவ பல பாடசாலைகளில் ஒரு செட்டில்மென்ட் வேர்க்கர் இருப்பார். சில இடங்களில் தமிழ் கதைக்கிறவராகவே இருப்பார். ஒஃபிசில் கேட்டால் எந்த நாள் வருவார் என்று சொல்வார்கள். அவரே உங்கள் முன்னால் இருந்து கூப்பிட்டு நாள் எடுத்துத் தந்துவிடுவார். பல நூலகக் கிளைகளிலும் இப்படி ஒருவர் வந்து போவார். கொஸ்ரி, கத்தோலிக் குரொஸ்கல்சரல் சேர்விசஸ் மாதிரியான குடிவரவு உதவி அமைப்புகளுக்குப் போனாலும் இதே வேலை நடக்கும்.

அசெஸ்மென்ட் நாள்

இதுதான் எல்லோரையும் பயமுறுத்துகிற இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சித்தி இல்லை, தோல்வி இல்லை. கனடாவில் பெரியவர்களின் ஆங்கிலத்தை அளக்க ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், சி.எல்.பி. என்று சொல்வார்கள், 1 முதல் 12 வரை. 1 முதல் 4 ஆரம்பம், 5 முதல் 8 நடு, 9 முதல் 12 மேல். கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் என்று நாலுக்கும் தனித்தனியாக ஒரு எண் தருவார்கள். அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள். பி.ஆர். கார்டோ உங்களிடம் உள்ள பேப்பரோ அவசியம், கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியையும் மறக்காதீர்கள், மறந்துவிட்டு எழுத்துத் தெரியாமல் ஒரு மட்டம் கீழே போனவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

முதலில் ஒருவர் உங்களோடு கதைப்பார். பெயர் என்ன, எப்போது வந்தீர்கள், ஊரில் என்ன செய்தீர்கள் என்று தொடங்கி, நீங்கள் சமாளிக்கச் சமாளிக்கக் கேள்வி கடினமாகிக்கொண்டே போகும். ஒரு இடத்தில் உங்களுக்கு விளங்காது. அது உங்கள் பிழை இல்லை, எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்ப்பதற்காக அந்த இடம் வரும்வரை கொண்டுபோவதுதான் அவர்கள் வேலை. விளங்கவில்லை என்றால் "சொறி, கேன் யூ றிப்பீற்?" என்று கேட்கலாம். தலையை ஆட்டிக்கொண்டு "யெஸ், யெஸ்" என்று இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். பிறகு வாசிப்பு, எழுத்து. விளம்பரம், சின்னக் கடிதம் மாதிரி வாசிக்கத் தருவார்கள், படிவம் நிரப்பச் சொல்வார்கள், முடிந்தவர்களுக்கு ஒரு பந்தி.

ஊரில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த நம்மவர்களுக்கு இங்கே ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். வாசிப்பில் 5 வரும், கேட்பதில் 3 வரும். நாங்கள் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர்கள், காதால் படிக்கவில்லை. இறந்தகால வினைச்சொல் பட்டியலை இப்போது கேட்டாலும் ஒப்புவிப்பேன், ஆனால் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடை ஜன்னலில் அந்தப் பிள்ளை என்ன கேட்டது என்று மூன்று தரம் கேட்டும் விளங்கவில்லை. அதனால் எண்கள் ஏறி இறங்கி இருந்தால் மனம் உடைய வேண்டாம்.

இரண்டு தந்திரங்களைப் பலர் சொல்லித் தருவார்கள், இரண்டும் கெடுதி. ஒன்று, தெரிந்ததையும் தெரியாத மாதிரி நடித்து அடியிலிருந்து தொடங்குவது. பிறகு "திஸ் இஸ் எ பென்சில்" என்று மூன்று மாதம் இருந்து அலுத்துப்போய் நின்றுவிடுவீர்கள். மற்றது, மகனிடம் கேள்விகளை விசாரித்துப் பதிலைப் பாடமாக்கிக்கொண்டு போவது. அது பலித்தால் இன்னும் மோசம், விளங்காத வகுப்பில் வாய் திறக்காமல் கடைசி வரிசையில் இருக்க வேண்டி வரும். இருக்கிறபடியே போங்கள்.

ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்கள், அல்லது தமிழ் மட்டும் எழுத வாசிக்கத் தெரிந்து ஆங்கில எழுத்தே பழகாதவர்கள், அதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். எழுத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கென்றே லிட்ரசி வகுப்பு என்று தனியாக உண்டு. சொல்லாவிட்டால் சாதாரண முதலாம் மட்டத்தில் போட்டுவிடுவார்கள், அங்கே மற்றவர்கள் பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்க நீங்கள் பேனையைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள்.

எந்த வகுப்பு

அசெஸ்மென்ட் முடிந்ததும் உங்கள் மட்டத்தைத் தாளில் எழுதித் தந்து, வீட்டுக்குக் கிட்ட இரண்டு மூன்று இடங்களின் பெயரையும் தருவார்கள். இங்கேதான் பழையபடி சொந்தக்காரர் எல்லோரும் கதைக்கத் தொடங்குவார்கள், இந்த ஸ்கூல் திறம், அந்த ஸ்கூல் சரியில்லை என்று. என் அளவுகோல் ஒன்றுதான்: பெப்ரவரி மாதம் காலை எட்டு மணிக்கு, மைனஸ் பதினைந்தில், பஸ் பதினைந்து நிமிடம் பிந்தினாலும் நீங்கள் போய்ச் சேரக்கூடிய வகுப்பு எதுவோ அதுதான் நல்ல வகுப்பு. செப்டம்பர் வெயிலில் எல்லா வகுப்பும் கிட்டத்தான் தெரியும். ஸ்காபுறோவில் இருந்த மூன்றாம் இலக்க ரயில் பாதை 2023 ஜூலையில் தடம்புரண்ட பிறகு நிரந்தரமாகவே நின்றுபோய்விட்டது, அதனால் பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். ஒரே பஸ்ஸில் போகிற மாதிரி இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். இரண்டு பஸ் என்றால் யோசியுங்கள். மூன்று பஸ் என்றால் ரீச்சர் சரஸ்வதியாக இருந்தாலும் வேண்டாம்.

போய்ச் சேருவதற்கு முன்பு கேட்கவேண்டியவை சில உண்டு. முழுநாளா அரைநாளா, மாலை வகுப்பு உண்டா, சனிக்கிழமை உண்டா. உங்கள் மட்டத்துக்குத் தனி வகுப்பா, இல்லை இரண்டு மூன்று மட்டத்தையும் ஒரே அறையில் வைத்திருக்கிறார்களா. இப்போது இடம் இருக்கிறதா, காத்திருப்புப் பட்டியலா. அண்மைக் காலத்தில் மத்திய அரசு புதிதாக வருகிறவர்களுக்கான சேவைகளின் காசைக் குறைத்திருப்பதால், குறிப்பாக மேல்மட்ட வகுப்புகளில் இடம் சுருங்கியிருக்கிறது, பழைய இணையப் பக்கத்தில் வகுப்பு இருக்கிறது என்று போட்டிருப்பதை நம்பிப் போய் நிற்காமல் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். காத்திருப்புப் பட்டியல் என்றால் பெயரைக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்தையும் கூப்பிடுங்கள், இரண்டு பட்டியலில் பெயர் இருப்பதில் பிழை ஒன்றும் இல்லை, ஒன்று கிடைத்ததும் மற்றதற்குச் சொல்லிவிட்டால் சரி.

லிங்க் வகுப்புகள் பலவற்றில் வருடத்தின் எந்த மாதத்திலும் ஆள் சேர்ப்பார்கள். செப்டம்பர் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இதன் மறுபக்கம், நீங்கள் போகிற நாளில் மற்றவர்கள் பாதிப் பாடத்தில் இருப்பார்கள். முதல் இரண்டு கிழமை தலை சுற்றும், அதற்குள் விட்டுவிடாதீர்கள்.

வகுப்பில் எல்லோரும் தமிழர் என்றால் நல்லதா கூடாதா என்று ஒரு வாதம் இருக்கிறது. முதல் மாதத்துக்கு நல்லது, பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குக் காரில் லிப்ட்டும் கிடைக்கும். ஆறாம் மாதத்துக்குக் கூடாது. இடைவேளையில் தமிழ், பஸ்ஸில் தமிழ், வகுப்புக்குள்ளும் பாதித் தமிழ் என்றால் ஆங்கிலத்துக்கு ஏது இடம்? எனக்கு அதிகம் ஆங்கிலம் படிப்பித்தது ரீச்சர் என்று சொல்லமாட்டேன், எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சீன அன்ரிதான். அவவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மன்டரின் தெரியாது, மகனின் விவாகரத்துக் கதையை அவ எனக்குச் சொல்ல வேறு வழியே இருக்கவில்லை. ரீச்சரின் நிறத்தையும் உச்சரிப்பையும் பார்த்து வகுப்புத் தெரிவு செய்வதையும் விட்டுவிடுங்கள், இந்த நகரத்தில் நாளைக்கு உங்களோடு கதைக்கப்போகிற வங்கிக்காரரும் தாதியும் சாரதியும் ஆளுக்கொரு உச்சரிப்பில்தான் கதைப்பார்கள்.

வகுப்பில் செய்கிற சின்னச் சின்னப் பயிற்சிகளை ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்வார்கள். பல இடங்களில் அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் அடுத்த மட்டத்துக்கு ஏற்றுவார்கள், பெரிய இறுதிப் பரீட்சை கிடையாது. இது தெரியாமல் "வீட்டில் இடமில்லை" என்று தாள்களை எறிந்துவிட்டு ஏன் ஏற்றவில்லை என்று சண்டை போட்டவர்களும் உண்டு. வரவும் பார்ப்பார்கள். சொல்லாமல் தொடர்ந்து வராமல் நின்றால் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காத்திருக்கிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊருக்குப் போகிறீர்கள், பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் ஒரு சொல் சொல்லிவிட்டு நில்லுங்கள்.

சின்னப் பிள்ளை, நைட் ஷிப்ட்

சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு: சில லிங்க் இடங்களில் நீங்கள் வகுப்பில் இருக்கும்வரை பிள்ளையை அதே கட்டடத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்வார்கள். இது எல்லா இடத்திலும் இல்லை, வயது எல்லையும் இடத்துக்கு இடம் மாறும், அதனால் அசெஸ்மென்ட் நாளிலேயே "சைல்ட் மைண்டிங் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள், அப்போதுதான் அந்த வசதி உள்ள இடங்களாகப் பார்த்து எழுதித் தருவார்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையைக் கேட்பார்கள், ஊர் அட்டை தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் முன்கூட்டியே குடும்ப வைத்தியரிடம் காட்டி இங்கத்தைய அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதல் கிழமை பிள்ளை அழும். நீங்களும் அழுவீர்கள். இரண்டாம் கிழமை பிள்ளை உங்களுக்கு ஆங்கிலப் பாட்டுச் சொல்லித் தரும்.

வேலைக்குப் போகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற கதை, "வேலையில் ஆங்கிலம் தானாக வரும்" என்பது. எந்த வேலை என்பதைப் பொறுத்தது. ஏஜென்சி மூலம் போகிற தொழிற்சாலையில் உங்கள் லைனில் நிற்கிற எட்டுப் பேரில் ஆறு பேர் தமிழர், சுப்பர்வைசரும் தமிழர் என்றால் பத்து வருடத்தில் வரப்போகிற ஆங்கிலம் "பிரேக் ரைம்" மட்டும்தான். நைட் ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்து ஒன்பது மணி வகுப்புக்குப் போகிறவர்களையும் கண்டிருக்கிறேன், வகுப்பில் நித்திரை கொள்வார்கள், இரண்டு மாதத்தில் நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு மாலை வகுப்பும் சனிக்கிழமை வகுப்பும் இருக்கிறது, ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தால் இணைய வழி லிங்க் இருக்கிறது, அவென்யூ என்ற தளத்தில் நடக்கும், உங்கள் நேரத்துக்குப் பாடத்தைச் செய்துவிட்டு ரீச்சரோடு குறித்த நேரத்தில் கதைக்கலாம். ஆனால் இணைய வகுப்பு என்றால் தனியே இருக்கிற மனத்திடம் வேண்டும், கணினியைத் திறக்கத் தெரியவேண்டும். எழுத்துப் பழகுகிற மட்டத்தில் இருப்பவர்கள் நேரே போய் இருக்கிற வகுப்பைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அரசாங்க உதவிப்பணம் எடுக்கிறவர்கள், வகுப்புக்குப் போகிற பஸ் செலவைப் பற்றி உங்கள் உதவிப்பண வேர்க்கரிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து சொல்லப்போவதில்லை.

காத்திருக்கிற காலத்தில்

ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க 100 கிளைகள். எங்கள் பக்கத்தில் சீடர்பிறே, மல்வேர்ன், அஜின்கோர்ட் என்று நடந்து போகிற தூரத்திலும் உண்டு. சில கிளைகளில் ஆங்கில உரையாடல் வட்டம் நடக்கும், வட்டமாக இருந்து ஒரு மணி நேரம் கதைப்பது, அவ்வளவுதான். பரீட்சை இல்லை, கோப்பு இல்லை, உங்கள் விசா என்ன என்றும் பெரும்பாலும் கேட்பதில்லை, காசும் இல்லை. சுப்பர் விசாவில் வந்த அப்பா அம்மாவுக்கு இதைவிடச் சுகமான இடம் இல்லை. எந்தக் கிளையில் எந்த நாள் என்று மேசையில் கேளுங்கள். கேட்கப் போகிற சாட்டில் நூலக அட்டையும் எடுத்துவிடுங்கள், முகவரிக்கு ஒரு அத்தாட்சியும் பெயருக்கு ஒரு அத்தாட்சியும் கொண்டுபோனால் போதும். தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும், அதை எடுத்துக்கொண்டு வந்து ஆங்கிலத்தை மறந்துவிடாதீர்கள், நான் அப்படித்தான் ஒரு குளிர்காலத்தைத் தொலைத்தேன்.

காசு கேட்டால்

அசெஸ்மென்டுக்குக் காசு இல்லை. லிங்குக்குக் காசு இல்லை. யாராவது "நான் நாள் எடுத்துத் தருகிறேன், ஐம்பது டொலர்" என்றால் அது 211 அடிக்கிற வேலைக்கு வாங்குகிற கூலி. நான் அந்த நான்கு மாதத்தில் ஒரு தனியார் ரியூசனில் முந்நூறு டொலர் கட்டினேன், பெயர் வேண்டாம், அங்கே எனக்குப் படிப்பித்தது நான் ஊரில் எட்டாம் வகுப்பில் படித்த அதே இலக்கணம், அதுவும் தமிழில். தனியார் வகுப்பு எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. ஐ.ஈ.எல்.ரி.எஸ்., செல்பிப் போன்ற ஆங்கிலப் பரீட்சைகளுக்குத் தயார் செய்கிற நல்ல இடங்கள் உண்டு. ஆனால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற புள்ளி முறையில் பி.ஆர். கேட்கப்போகிறவர் மாதிரி ஆட்களுக்குத்தான் அந்தப் பரீட்சை வேண்டும், லிங்க் சான்றிதழ் அதற்குச் செல்லாது. ஏற்கெனவே பி.ஆர். உள்ளவர் கடையில் கதைக்கப் பழகுவதற்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். வகுப்பில் காசு கட்டத் தேவையே இல்லை.

இன்னொன்று, வகுப்புக்கு வராமலே குடியுரிமைக்கான சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்று வருகிறவர்களைக் கிட்டவும் சேர்க்காதீர்கள். பொய்ப் பத்திரம் கொடுத்துப் பிடிபட்டால் குடியுரிமையே கேள்விக்குள்ளாகும்.

வயது போனவர்களும் குடியுரிமையும்

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது 18 முதல் 54 வயதுவரை உள்ளவர்கள் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் கேட்டல், பேசல் இரண்டிலும் 4ஆம் மட்டம் இருப்பதாகக் காட்ட வேண்டும். லிங்கில் அந்த இரண்டிலும் 4 எடுத்த சான்றிதழ் அதற்குச் செல்லும். ஊரில் ஆங்கில மொழிமூலம் உயர்நிலைப் பள்ளியோ கல்லூரியோ முடித்தவர்களுக்கு அந்தப் பெறுபேற்றுப் பத்திரமே போதும். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டு வந்த பலர் இது தெரியாமல் தேவையில்லாத பரீட்சைக்குக் காசு கட்டுகிறார்கள்.

55 வயது ஆகிவிட்டால் மொழிச் சான்றும் வேண்டாம், குடியுரிமைப் பரீட்சையும் வேண்டாம். இதைக் கேட்டதும் பிள்ளைகள் "அப்போ அம்மாவுக்கு வகுப்பு எதற்கு?" என்று முடித்துவிடுகிறார்கள். என் மாமி 63 வயதில் போனா. அவ பாஸ்போர்ட்டுக்காகப் போகவில்லை. வைத்தியரிடம் போகும்போது பேரனைக் கூட்டிக்கொண்டு போய், பெண்களுக்கு வருகிற வருத்தத்தை அவன் வாயால் ஆங்கிலத்தில் சொல்லவைக்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கூச்சத்துக்காகத்தான் போனா. எட்டு மாதத்தில் எங்கே நோகிறது, எத்தனை நாளாக நோகிறது என்று தானே சொல்ல வந்துவிட்டது. மட்டம் 2 தான். போதும் என்று நின்றுவிட்டா, நாங்களும் விட்டுவிட்டோம்.

ஊரில் தாதியாக, கணக்காளராக, பொறியியலாளராக இருந்தவர்கள் 4இல் நிற்கக்கூடாது. 6, 7 என்று ஏறிய பிறகு தொழிலுக்கென்றே நடத்துகிற மொழிப் பயிற்சி ஒன்ராறியோக் கல்லூரிகளில் நடந்து வந்திருக்கிறது, அந்தத் துறைக்காரர் எப்படிக் கதைப்பார்கள், எப்படி மின்னஞ்சல் எழுதுவார்கள் என்று படிப்பிப்பார்கள். இப்போதும் நடக்கிறதா, எந்த மாதம், இடம் இருக்கிறதா என்று உங்கள் லிங்க் ரீச்சரையே கேளுங்கள். தாதியர் மாதிரி உரிமம் வேண்டிய தொழில் என்றால் உரிமம் தருகிற சபை எந்தப் பரீட்சையைக் கேட்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

கடைசியாக நாள் கணக்கு ஒன்று. குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்த அன்றோடு லிங்க் உங்களுக்கு முடிந்துவிடும். கொடி பிடித்துப் படமெடுத்துவிட்டு அடுத்த திங்கள் வகுப்புக்குப் போனால் மேசையில் கூப்பிட்டுச் சொல்வார்கள், அப்படி நடுவகுப்பில் நின்றவர்கள் பலர். அழைப்புக் கடிதம் வந்ததும் ரீச்சரிடம் சொல்லுங்கள். பாடசாலைச் சபை நடத்துகிற இடம் என்றால், பக்கத்து அறையிலேயே மாகாண வகுப்பு இருந்தால், படிவம் ஒன்றை நிரப்பி அங்கே மாற்றிவிடுவார்கள். போகும்போது உங்கள் பயிற்சித் தாள்களின் கோப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.